ஆட்டக் கூடாத உண்டியல்

மத்திய சிறை, சேலம்
10-1-2024

அன்புள்ள யுவராணிக்கு,

உன் கணவன் தர்மன் எழுதுவது. நான் இங்கே நலம். நீயும் சுசித்ராவும் காரிமங்கலத்தில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பனி அதிகம். இடது முட்டி இரவெல்லாம் வலிக்கிறது. இத்தனை வருஷம் பஸ்ஸில் நின்றே டிக்கெட் கிழித்த முட்டி அல்லவா, படுத்தால்தான் அதற்கு வலிக்கிறது.

போனில் பேச உன் நம்பரை எழுதிக் கொடுத்துப் பல நாளாகிறது. நீ வந்து கையெழுத்துப் போட்டால்தான் பதிவு செய்வார்களாம். காரிமங்கலத்துக்கும் சேலத்துக்கும் நடுவில் கடலா இருக்கிறது? சரி, நீ வருகிறவரை கடிதம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வருஷத் தண்டனையை எதிர்த்துச் சென்னையில் அப்பீல் போட்டாயிற்று. என்னை ஜாமீனில் வெளியே எடுக்கும் மனுவை வக்கீல் கையில் எடுக்க வேண்டுமானால் முன்பணம் வைக்க வேண்டும். இங்கே இலவச வக்கீல் தருகிறோம் என்றார்கள். ஓசியில் வருகிறவன் எப்படி வாதாடுவான் என்று எனக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சென்னை வக்கீலின் வாதம் கெட்டியானது. "இரண்டு ரூபாய்ச் சில்லறைக்காக ஒரு கண்டக்டர் ஒரு கிழவியை ஓடுகிற பஸ்ஸிலிருந்து தள்ளுவானா? அவளாகத் தடுமாறி விழுந்தாள்." இதைத் தர்மபுரி கோர்ட்டில் அழுத்திச் சொல்லவில்லை. சென்னையில் சொன்னால் எடுபடும்.

பணத்துக்கு நீ யாரிடமும் போய் நிற்க வேண்டாம். பீரோவின் மேல் தட்டில் என் காசு ஆல்பங்கள் மூன்று இருக்கின்றன. தினம் என் பேட்டாப் பணத்தை டிக்கெட் பையில் போட்டுவிட்டுப் பதிலுக்கு நான் பொறுக்கியெடுத்த காசுகள். அதுதான் நம் சொத்து. சேலத்தில் வெங்கடாசலம் என்று காசு வியாபாரி ஒருவர் இருக்கிறார். பழைய டைரியில் அவர் நம்பர் இருக்கிறது. வீட்டுக்கு வரச் சொல்லிக் காட்டு. அவர் எதிரில் ஆல்பத்தை நீ புரட்டாதே, அவரே புரட்டட்டும். காசின் முகத்தில் உன் விரல் படக் கூடாது.

சுசித்ரா நன்றாகப் படிக்கிறாளா? நான் வாங்கிக் கொடுத்த உண்டியலைப் பத்திரமாக வைத்திருக்கிறாளா? ஆட்டிப் பார்க்கக் கூடாது என்று சொன்னதை ஞாபகப்படுத்து. ஆட்டினால் லட்சுமி போய்விடும்.

பொங்கலுக்கு என்னை நினைத்துக்கொண்டு சாப்பிடவும்.

தர்மன்


காரிமங்கலம்
2-2-2024

அன்புள்ள மாமாவுக்கு,

யுவராணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சுசித்ராவும் நலம். உங்கள் முட்டி வலிக்குத் தைலம் அனுப்பினால் உள்ளே விடுவார்களா என்று கேட்டு எழுதவும்.

பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபப்பட வேண்டாம். புளி சீசன் தொடங்கிவிட்டது. கொட்டை எடுக்கும் ஷெட்டுக்கு வேலைக்குப் போகிறேன். பஸ் கம்பெனிக்காரர்கள் தர வேண்டியதைத் தரவில்லை, கேட்கப் போனால் ஆபீசில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. போன் வேண்டாம் மாமா. உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, அது உங்களுக்கே தெரியும். எழுதினால் யோசித்து எழுதலாம்.

ஆல்பங்களை எடுத்துப் பார்த்தேன். காசெல்லாம் மங்கிப்போய்க் கிடக்கின்றன. ஷெட்டில் கழிவுப் புளியைச் சும்மாவே தருகிறார்கள். விளக்குத் தேய்ப்பதுபோல ஒரு தேய்ப்புத் தேய்த்து வைத்தால் பளிச்சென்று இருக்குமே, வியாபாரி கூடுதலாகக் கொடுப்பாரோ என்று தோன்றியது. செய்யலாமா? காசுக்கு எதனால் விலை வருகிறது, என்ன செய்தால் விலை போய்விடும் என்று விவரமாக எழுதுங்கள். தெரியாமல் எதையாவது செய்துவிடப் போகிறேன்.

உண்டியலைப் புத்தக அலமாரியில் வைத்திருக்கிறாள். ஆட்டுவதே இல்லை. காசு போடும்போதுகூட விரலை உள்ளே விட்டு மெதுவாக நழுவவிடுகிறாள். அப்பா எனக்கென்று வாங்கித் தந்தது என்று பள்ளிக்கூடத் தோழிகளிடம் காட்டுகிறாள்.

குளிரில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு தூங்கவும்.

யுவராணி


மத்திய சிறை, சேலம்
12-2-2024

யுவராணிக்கு,

நலம். நலமாக இருக்க விட்டால்தானே. உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு மூச்சே நின்றுவிட்டது. புளியா? புளி போட்டுத் தேய்க்கவா? ஆல்பத்தை உடனே பீரோவில் வைத்துப் பூட்டு. ஷெட்டிலிருந்து வந்த கையோடு பீரோவைக்கூடத் தொடாதே.

கேட்டாய், சொல்கிறேன். இதையாவது ஒழுங்காகப் படி. காசு பழசு என்பதற்காக யாரும் விலை தர மாட்டான். முதலில், எத்தனை அடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். வருஷத்துக்குக் கீழே உற்றுப் பார். புள்ளி இருந்தால் நொய்டாவில் அடித்தது, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வைரம்போல இருந்தால் மும்பை, ஒன்றுமே இல்லை என்றால் கல்கத்தா. ஒரே வருஷத்துக் காசு ஓர் ஊரில் மலைமலையாக அடித்திருப்பான், இன்னோர் ஊரில் கொஞ்சமாக. அந்தக் கொஞ்சத்துக்குத்தான் மதிப்பு. அடுத்தது காசின் நிலை. அச்சிலிருந்து விழுந்தபோது அதன்மேல் ஒரு மினுக்கு இருக்கும். அது தேய்த்து வரவழைக்கிற பளபளப்பு இல்லை, பிறவி மினுக்கு. ஒருமுறை போனால் வராது. கழுவினால் போச்சு, துணியால் துடைத்தால் போச்சு. வியாபாரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவான். நம் ஊர்ப் பக்கம் குழந்தைக்கு அரைஞாணில் கட்டத் துளை போடுவார்களே, துளை போட்ட காசு செத்த காசு. பிணத்துக்காவது மாலை போடுவார்கள், அதற்கு அதுவும் கிடையாது.

இதையெல்லாம் தாண்டி ஒன்று இருக்கிறது. அடிக்கும்போதே தப்பாகப் போன காசு. அச்சு நகர்ந்து கோணலாக விழுந்திருக்கும். அதை வெளியே விடாமல் பொறுக்கிவிடுவார்கள். தப்பித் தவறி ஒன்று வந்துவிட்டால் அதற்குத்தான் ராஜ மரியாதை. அதிலும் வருஷம் தெரிந்தால் விலையே வேறு.

உனக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது. சுசித்ரா ஆறு வயதில் என் ஆல்பத்திலிருந்து ஒரு காசை எடுத்துத் தன் மண் உண்டியலில் போட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? உண்டியலைத் தரையில் போட்டு உடைத்து எடுத்தேன், அவள் முதுகிலும் நாலு வைத்தேன். நீ என்னை ராட்சசன் என்றாய். அந்தக் காசில் விழுந்த கீறலைப் பார்த்திருந்தால் நீயே அடித்திருப்பாய். அவளுக்கு டெங்கு வந்தபோதும் ஆல்பத்தை விற்கச் சொல்லி அழுதாய். விற்றேனா? உன் கம்மலை வைத்துச் சமாளித்தோம். கம்மலைக் கடையில் மறுபடி வாங்கலாம், இந்தக் காசுகளை வாங்க முடியுமா? அன்றைக்கு நான் கல் நெஞ்சாக இருந்ததால்தான் இன்றைக்கு என்னை வெளியே எடுக்க வழி இருக்கிறது.

வெங்கடாசலத்தைக் கூப்பிடு. சுசித்ராவுக்கு என் ஆசி. உண்டியல் ஆடாமல் இருக்கட்டும்.

தர்மன்


காரிமங்கலம்
30-3-2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? உங்கள் கடிதத்தை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். சுசித்ராவும் படித்தாள். இனி மறக்காது.

வெங்கடாசலம் வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் கை கழுவித் துடைத்துக்கொண்டுதான் ஆல்பத்தைத் தொட்டார். நீங்கள் சொன்னபடி நான் புரட்டவில்லை. மூன்று ஆல்பத்தையும் பார்த்து முடித்துக் காபி குடித்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ஆசையாத்தான் சேத்திருக்காரு. ஆனா எல்லாம் பையில கெடந்து தேஞ்ச காசுங்க. கோடிக்கணக்குல அடிச்சது. கை படாம வந்திருந்தா ஒரு வெல சொல்லலாம். கண்டக்டர் பையிலருந்து வந்தா ரெண்டு ரூபா ரெண்டு ரூபாதான்."

"ரொம்பப் பழசாச்சுங்களே?"

"பழசுக்கு வெல இல்லம்மா, கெடைக்காததுக்குத்தான் வெல. அதுவும் வேணும்னு கேக்கறவன் ரெண்டு பேராச்சும் இருக்கணும்."

"இதுல ஒண்ணுகூடத் தேறாதுங்களா?"

"டீச் செலவுக்குத் தேறும். நான் எடுத்துட்டுப் போயி என்னம்மா பண்றது? நீங்களே கடையில மாத்திக்குங்க."

எழுந்திருக்கும்போது, அச்சு நகர்ந்த காசு ஏதாவது இருக்கிறதா, அப்படி இருந்தால் நேரம் காலம் பார்க்காமல் கூப்பிடுங்கள் என்றார். ஆல்பத்தில் இல்லை என்றேன்.

அவர் போன பிறகு சிரிப்பு வந்துவிட்டது மாமா. சுசித்ரா காய்ச்சலில் கிடந்தபோது பீரோ சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றீர்களே, அதை நினைத்துக்கொண்டேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

வெயில் தொடங்கிவிட்டது, தண்ணீர் நிறையக் குடிக்கவும்.

யுவராணி


மத்திய சிறை, சேலம்
8-4-2024

யுவராணிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் கொதிக்கிறது.

வெங்கடாசலம் திருடன். பொம்பளை தனியாக இருக்கிறாள் என்று அடித்துப் பேசியிருக்கிறான். இன்னும் ஆறு மாதம் போனால் அடிமாட்டு விலைக்குக் கேட்டுக்கொண்டு வருவான். அவன் சொன்னதை நம்பி நீ சிரித்தாயாம். சிரி. வியாபாரம் என்பதே குறை சொல்லி வாங்குவதுதான். சந்தையில் கத்திரிக்காய் வாங்கும்போது நீ பூச்சி இருக்கிறது என்று சொல்வதில்லையா?

அல்லது நீயே விற்றுவிட்டு எனக்குக் கதை எழுதுகிறாயா? அப்படி இருந்தால் இப்போதே சொல்லிவிடு. நான் என்றைக்கும் உள்ளேயே இருக்கப் போவதில்லை. வந்ததும் முதல் வேலை பீரோவைத் திறப்பதுதான்.

தர்மபுரியில் இன்னொருவரிடம் காட்டு. அம்மன் படம் போட்ட காசுகளையும், பால் டப்பாவில் இருக்கிற பத்து ரூபாய்க் காசுகளையும் சேர்த்துக் காட்டு. நம் பக்கத்துக் கடைக்காரர்கள் பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று விரட்டியபோது நான் ஒருவன்தான் வாங்கி வைத்தேன். அது வீண் போகாது.

சுசித்ரா உண்டியலை ஆட்டாமல் இருக்கிறாளா என்று கேட்டேன், போன கடிதத்தில் நீ எழுதவில்லை. மறக்காமல் எழுது.

தர்மன்


காரிமங்கலம்
3-6-2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் கோபம் இதற்குள் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். முட்டி வலி தேவலையா?

தர்மபுரியிலும் காட்டினேன். அவர் காபிகூடக் கேட்கவில்லை. பத்து ரூபாய்க் காசு டப்பாவைப் பார்த்துவிட்டு, "இது பேங்க்லயே மூட்டை மூட்டையாக் கெடக்குது, எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார். டப்பாவைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். கனமான டப்பா.

சுசித்ரா பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். நோட்டு, பை, செருப்பு எல்லாம் வாங்க வேண்டும். புளி சீசன் முடிந்துவிட்டது, மாங்கூழ் கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறேன். ஆல்பத்துக் காசுகளைச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாமா? இரண்டு வியாபாரிகளும் கடையில் மாற்றத்தான் சொல்கிறார்கள்.

வெங்கடாசலம் மறுபடி போன் செய்தார். அச்சு நகர்ந்து கோணலான காசு, வருஷம் தெரிகிற மாதிரி ஒன்று இருந்தால், வக்கீல் முன்பணம் அளவுக்கு ரொக்கமாகவே தருவாராம். அவருக்கு வாங்க ஆள் தயாராக இருக்கிறதாம். அப்படி ஒன்று நம்மிடம் உண்டா மாமா? எனக்குத் தெரிந்து இல்லை.

உண்டியல் ஆடவே இல்லை. பெருக்கும்போது நான் அலமாரியை இடித்துவிட்டேன் என்று சுசித்ரா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்பா வெளியே வந்த பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து உடைப்பார்களாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

யுவராணி


மத்திய சிறை, சேலம்
14-6-2024

அன்புள்ள யுவராணிக்கு,

நான் நலம். நீயும் குழந்தையும் நலமா? உன் கடிதம் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. வெங்கடாசலம் நல்ல மனிதர், நான்தான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன்.

ஆல்பத்தில் கை வைக்காதே. நோட்டுக்கு உன் தம்பியைக் கேள். இப்போது சொல்லப் போவதைக் கவனமாகப் படி. இந்தக் கடிதத்தை இங்கே படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அதனால் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

வெங்கடாசலம் கேட்கிற மாதிரி ஒன்று இருக்கிறது. இந்தியா வரைபடம் போட்ட பழைய இரண்டு ரூபாய். அச்சு நகர்ந்து ஒரு பக்கம் பிறை நிலாபோல வெறுமையாக இருக்கும். வருஷம் முழுதாகத் தெரியும். பார்த்த கணமே எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. அப்படி ஒன்றுக்காகத்தான் இத்தனை வருஷம் பையைத் துழாவினேன்.

அது சுசித்ராவின் உண்டியலில் இருக்கிறது. கேஸ் நடக்கும்போது பெயிலில் வந்த வாரம் அவளுக்கு உண்டியல் வாங்கிக் கொடுத்தேனே, கொடுப்பதற்கு முன்பே பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளே நழுவவிட்டேன். பீரோவை யார் வேண்டுமானாலும் சோதனை போடுவார்கள், குழந்தை உண்டியலைத் தொட மாட்டார்கள். மற்ற காசுகள் உரசி உறை கிழியக் கூடாது என்றுதான் ஆட்டக் கூடாது என்று சொன்னேன். அவளும் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண், உன்னைப் போல இல்லை.

உண்டியலை உடை. தரையில் போட்டு உடைக்காதே, மெத்தைமேல் வைத்துக் கழுத்தில் மெதுவாகத் தட்டு. உறையைப் பிரிக்காமல் வெங்கடாசலத்திடம் கொடு. பணத்தை வக்கீலிடம் கட்டிவிட்டு எழுது. சுசித்ராவுக்கு வேறு உண்டியல் வாங்கிக் கொடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் காசு யார் கொடுத்தது, எப்போது வந்தது என்று கேட்காதே.

தர்மன்


மத்திய சிறை, சேலம்
20-7-2024

அன்புள்ள யுவராணிக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து பதில் இல்லை. என் கடிதம் கிடைத்ததா இல்லையா? வக்கீல் குமாஸ்தா, பணம் வரவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வெங்கடாசலம் வந்தாரா? காசு முழுதாக இருந்ததா? உறை கிழியவில்லையே?

ஒரு வரி எழுதினால் போதும்.

தர்மன்


மத்திய சிறை, சேலம்
25-8-2024

அன்புள்ள யுவராணிக்கு,

நீ நலமா? சுசித்ரா நலமா? உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று இங்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. முட்டி வீங்கி நடக்க முடியாமல் மூன்று நாள் படுத்திருந்தேன்.

நான் உன்னை நிறைய அடித்திருக்கிறேன். அதெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே. வெளியே வந்ததும் முதலில் உன் கம்மலை வாங்கித் தருகிறேன், சத்தியம். இந்தத் தீபாவளிக்கு நான் வீட்டில் இருக்க வேண்டும். அந்தக் காசு ஒன்றுதான் வழி. வேறு யாரும் எனக்கு இல்லை யுவா.

பதில் போடு. உன் காலில் விழுகிறேன்.

தர்மன்


காரிமங்கலம்
18-10-2024

அன்புள்ள மாமாவுக்கு,

யுவராணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் சுசித்ராவும் மிகவும் நலம். உங்கள் முட்டி வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். மூன்று கடிதமும் கிடைத்தன. ஆயுத பூஜை முடியட்டும் என்று இருந்தேன்.

உண்டியலை நான் உடைக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த சுசித்ரா அதைப் படித்தாள். பிறகு அவளே எடுத்துக்கொண்டு போய் வாசல் கல்லில் போட்டு உடைத்தாள். அழவில்லை. மெத்தைமேல் வைக்கச் சொல்லியிருந்தீர்கள், அது முடியவில்லை. உறை கிழியவில்லை.

காசைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கோர்ட்டில், செத்துப்போன குள்ளம்மாளின் மகன் அறிவழகன் கூண்டில் ஏறிச் சொன்னாரே, நீங்கள் தலை குனிந்து நின்றிருந்தீர்கள், நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "எங்கம்மா முந்தியில ஒரு கோணக்காசு முடிஞ்சு வெச்சிருப்பாங்க. கொய்யா போணியாச்சுன்னா மொதக் காச அதுல ஒத்திதான் கண்ணுல ஒத்திக்குவாங்க. தொப்பூர்ல பஸ் ஏறினப்ப சில்லறையோட சில்லறையா அதயும் தவறிப் போயிக் குடுத்துட்டாங்க. அதத்தான் திருப்பிக் கேட்டாங்களாம். அந்தக் காசு இன்னும் கெடைக்கல" என்றார். நம் வக்கீல் சிரித்தார். இரண்டு ரூபாயையா தேடுகிறீர்கள் என்று கேட்டார். கோர்ட்டில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மாமா.

இரண்டு ரூபாய்க்கு யாராவது தள்ளுவார்களா என்று கேட்கப் போகிற வக்கீலுக்கு அந்த இரண்டு ரூபாயைத்தான் கூலியாகக் கொடுக்கச் சொல்கிறீர்கள். படியில் நின்றுகொண்டு உங்கள் பையைப் பிடித்துத் தொங்கியவள் என்ன கேட்கிறாள் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காசு என்ன விலை போகும் என்பதும் தெரிந்திருந்தது. இதை அங்கே படித்துப் பார்ப்பவர்களும் படிக்கட்டும்.

வெங்கடாசலம் வந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். பூதக்கண்ணாடியை வைத்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கம்மா இருந்துச்சு இது?" என்று கேட்டுக்கொண்டே கட்டிலில் பணத்தை எடுத்து வைத்தார். வக்கீல் கேட்டதற்கு மேலேயே இருந்தது. அவ்வளவு பணத்தை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பாவம், இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார்.

பிப்ரவரியில் நீங்கள் எழுதிய கடிதத்தைச் சுசித்ரா எடுத்துப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டாள். ஷெட்டிலிருந்து கொண்டுவந்த புளி மிச்சம் இருந்தது. அதைப் போட்டு அவளும் நானும் மாறி மாறித் தேய்த்தோம். அப்புறம் சாம்பல். அப்புறம் துணி. பிறவி மினுக்கு எது, தேய்த்த மினுக்கு எது என்று எங்களுக்குத் தெரியவில்லை, ஆனால் நல்ல பளபளப்பு வந்தது.

தொப்பூருக்குப் போனோம். அறிவழகன் ஹைவே ஓரத்தில் லாரி வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறார். நான் யார் என்று சொன்னதும் உள்ளே திரும்பிக்கொண்டார். சுசித்ராதான் போய்க் கையில் காசை வைத்தாள். அவர் டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். போலீசுக்குக் கொடுப்பதென்றாலும் கொடுங்கள், நான் வந்து சொல்கிறேன் என்றேன்.

"எதுக்குங்க? அவங்க மறுக்காச் சிரிக்கவா?" என்றார். பிறகு, "இது நெறைய வெல போவும்ங்களா?" என்று கேட்டார்.

"இப்பப் போவாதுங்க" என்றேன்.

அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஆத்தா காசு, குழந்தை அரணாக்கயிற்றில் கட்டுகிறேன் என்றார். பட்டறையிலேயே துளை போடும் மிஷின் இருக்கிறது. ஓரத்தில் சின்னதாகப் போடப் போனார். "நடுவுல போடுங்கண்ணா, பெருசா" என்று சுசித்ரா சொன்னாள். வருஷம் இருந்த இடத்தில் துளை விழுந்தது. ஆயுத பூஜை அன்றைக்குக் கூப்பிட்டிருந்தார், போய்ச் சாப்பிட்டு வந்தோம். குழந்தை அந்தக் காசை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறது. எச்சில் பட்டால் விலை குறையுமா என்று நீங்கள் எழுதவில்லை.

ஆல்பத்துக் காசுகளை வாரச் சந்தையில் செலவழித்தேன். தக்காளி, கத்திரிக்காய், ஒரு கிலோ கருவாடு. மும்பை வைரத்துக்குக் கொத்தமல்லி, ஹைதராபாத் நட்சத்திரத்துக்கு இரண்டு எலுமிச்சம்பழம். வாங்கிப் போட்டுக்கொண்டார்கள், யாரும் வருஷம் பார்க்கவில்லை. பத்து ரூபாய்க் காசை மட்டும் இரண்டு கடையில் வாங்க மறுத்தார்கள், பஸ்ஸில் கண்டக்டர் வாங்கிக்கொண்டார். சின்னப் பையன், மரியாதையாகப் பேசுகிறான். நோட்டும் செருப்பும் வாங்கியது போக மிச்சத்தை உங்கள் பேருக்கு மணியார்டர் செய்திருக்கிறேன். கேண்டீனில் ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்கள். உங்கள் சொத்து, நான் ஒரு பைசா வைத்துக்கொள்ளவில்லை.

இலவச வக்கீல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளவும். இனி நான் எழுத மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இன்னும் பல வருஷம் இருக்க வேண்டும்.

யுவராணி

அப்பா, நான் சுசித்ரா. உண்டியலை உடைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை ஆட்டிப் பார்த்தேன். சத்தம் ரொம்ப நன்றாக இருந்தது. முன்னாடியே ஆட்டியிருக்கலாம்.